பெற்றோருக்கு நாற்காலி தந்த சட்டம் பிணக்குக்கு வழி சொல்லவில்லை

திருவனந்தபுரம்: கேரளத்தில் கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிகள் திறக்கின்றன. புத்தகம், சீருடை, மழைக் குடை ஆகியவற்றின் பரபரப்பு அடங்கிய அடுத்த சில வாரங்களில் இன்னொரு பரபரப்பு தொடங்குகிறது. எல்லோரும் பி.டி.ஏ. என்றே அழைக்கும் பெற்றோர் - ஆசிரியர் கழகத்தின் பொதுக்குழுக் கூட்டமும் நிர்வாகிகள் தேர்தலும்தான் அது. தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. படி கிடையாது. தம் வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளிக்காக அலைய வேண்டிய பதவி. ஆயினும் பல பள்ளிகளில் இந்தத் தேர்தல் உள்ளாட்சித் தேர்தலுக்குச் சற்றும் குறையாத சூட்டோடு நடக்கிறது. சில இடங்களில் கைகலப்பிலும் முடிகிறது.

பயன் ஏதுமில்லாத பதவிக்கு இத்தனை போட்டி ஏன் என்று கேட்பது எளிது. அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று உண்டு. பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்குப் பங்கு வேண்டும் என்று அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்து அவர்களுக்கு இடமும் அளித்துவிட்டன. அந்த இடத்தில் அமர்ந்த இரண்டு பெற்றோருக்குள்ளேயே பிணக்கு ஏற்பட்டால் அதைக் கேட்டுத் தீர்ப்பவர் யார்? தில்லியில் இயற்றப்பட்ட சட்டத்தைப் புரட்டினாலும் திருவனந்தபுரத்தில் நடைமுறையைப் பார்த்தாலும் இதற்குத் தெளிவான விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் கட்சி நுழைகிறது, மதம் நுழைகிறது, வாட்ஸ்ஆப் நுழைகிறது. நடுவில் அகப்பட்டுக்கொள்வது குழந்தை.

பள்ளிக்காக அரசு கவிழ்ந்த மாநிலம்

கேரளத்தில் பள்ளிக்கூடம் என்பது எப்போதும் அரசியல்தான். 1957-இல் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான முதலாவது அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியே "விமோசன சமரம்" எனப்படும் விடுதலைப் போராட்டத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அமைந்தது. அதன் முடிவில் 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. தனியார் மேலாளர், ஆசிரியர் சங்கம், தேவாலயம், சமுதாய அமைப்பு, அரசியல் கட்சி என்று பள்ளியின் மீது உரிமை கொண்டாடுவோர் பலராக இருந்த அந்நாளில் பெற்றோரின் குரல் தனியாகக் கேட்கவில்லை.

அந்தக் குரல் வலுப்பெற்றது 1990-களில். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டப் பிரசாரத்தின்போது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புக்கு அரசுப் பள்ளிகள் வந்தன. உலக வங்கியின் உதவியோடு நடந்த மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. தாய்மார்களுக்கென்று தனிக் கழகங்கள் உருவாயின. 2017 ஜனவரி 27 அன்று பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கப்பட்டபோது பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளைச் சுற்றி அணிவகுத்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தனர். தனியார் பள்ளிகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெற்றோரில் ஒரு பகுதியினர் அரசுப் பள்ளிக்குத் திரும்பியதில் இந்தத் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறந்த பெற்றோர் - ஆசிரியர் கழகங்களுக்கு மாநில அரசு விருது வழங்கும் வழக்கமும் இருக்கிறது.

இன்று ஓர் அரசுப் பள்ளியில் பெற்றோர் அமரும் அவைகள் பல. பெற்றோர் - ஆசிரியர் கழகம், தாய்மார் கழகம், கல்வி உரிமைச் சட்டப்படியான பள்ளி மேலாண்மைக் குழு, மதிய உணவுக் குழு எனப் பட்டியல் நீளுகிறது. ஒரே குழந்தைகள், ஒரே கட்டடம், ஒரே தலைமை ஆசிரியர். ஆனால் அதிகாரம் மட்டும் பல கூறாகக் கிடக்கிறது. சுற்றுச்சுவர் கட்ட நன்கொடை திரட்டுவது யார், அதைச் செலவிட ஒப்புதல் தருவது யார், சத்துணவில் குறை கண்டால் கேட்பது யார் என்பவற்றில் எல்லைக்கோடு தெளிவாக இல்லை. பிணக்குகளில் பல மனிதர்களின் குணத்தால் பிறப்பவை என்று தோன்றினாலும், இந்த எல்லைக் குழப்பத்தில் வேர்கொண்டவையே மிகுதி.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை மசோதா 2009 ஜூலை 20 அன்று மாநிலங்களவையிலும், ஆகஸ்ட் 4 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. கபில் சிபல் அப்போது மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர். 2010 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கில் ஓர் பங்கு இடத்தைத் தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற பிரிவைப் பற்றியே நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. பெற்றோரைப் பற்றிய 21-ஆவது பிரிவு அவ்வளவாக யார் கவனத்தையும் ஈர்க்கவில்லை.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக மற்ற பள்ளிகள் அனைத்திலும் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களது விகிதத்துக்கேற்ற இடம் தர வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, அரசும் உள்ளாட்சியும் பிறரும் தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் கடமைகள். மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட விதிகள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குழு மாற்றியமைக்கப்பட வேண்டும், மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும், நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும், பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்கின்றன. தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர். தலைமை ஆசிரியர் கூட்டுநர்.

குறை கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. குழந்தையின் உரிமை தொடர்பான எந்தக் குறையையும் யாரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் தரலாம் என்கிறது 32-ஆவது பிரிவு. மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லையேல் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். கேரள ஆணையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

ஆனால், இந்தக் கதவு குழந்தையின் உரிமை பறிக்கப்படும்போது மட்டுமே திறக்கும். குழுத் தலைவர் கணக்கைக் காட்ட மறுக்கிறார் என்று ஓர் உறுப்பினர் கூறினால், கூட்டத்துக்குத் தம்மை அழைக்கவில்லை என்று ஒரு தாய் முறையிட்டால், ஆண்டு விழாச் செலவு குறித்து இரண்டு நிர்வாகிகள் மோதிக்கொண்டால், அவற்றை எங்கே கொண்டு செல்வது என்பதை 21-ஆவது பிரிவும் சொல்லவில்லை, 32-ஆவது பிரிவும் சொல்லவில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் குழுவின் பணி ஆலோசனை கூறுவது மட்டுமே என்று வரையறுத்தது. குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான எல்லையை வகுத்த அந்தத் திருத்தமும் குழுவுக்குள் எழும் பிணக்கைத் தொடவில்லை.

எங்கே முளைக்கிறது சண்டை?

முதலாவது இடம் பணம். உறுப்பினர் கட்டணம் தவிரக் கட்டாய வசூல் கூடாது என்பதே கேரள அரசின் நிலைப்பாடு. நடைமுறையில், பெயர் பெற்ற அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சேர்க்கைக் காலத்தில் "நன்கொடை" என்ற பெயரில் தொகை கேட்கப்படுவதாக ஆண்டுதோறும் புகார் எழுகிறது. பெற்றோர் - ஆசிரியர் கழகம் பள்ளியின் ஆட்சிக் குழு அல்ல, சேர்க்கையின்போது பெருந்தொகை வசூலிப்பதை ஏற்க முடியாது என்று 2023-இல் அப்போதைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி வெளிப்படையாகக் கூற வேண்டியிருந்தது. கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் இடையே உருவாகும் கசப்பு கூட்டத்துக்குக் கூட்டம் வளர்கிறது. கொடுக்க இயலாத பெற்றோர் அடுத்த கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, வேலை. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் மழலையர் வகுப்புகளைப் பல ஆண்டுகளாகப் பெற்றோர் கழகங்களே நடத்தி வந்துள்ளன. அங்கே ஆசிரியையையும் ஆயாவையும் அமர்த்துவது கழகம். பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநர், அலுவலகத்துக்கு உதவியாளர், சீருடைக்குத் தையல்காரர் என்று சிறு சிறு வாய்ப்புகள் அதன் கையில் இருக்கின்றன. வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள ஊரில் இவை சிறியவை அல்ல. நிர்வாகியின் உறவினருக்கு வேலை கிடைத்தது என்ற குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சோதிக்க முறை இல்லாதபோது இரண்டும் ஒரே அளவு சேதம் விளைவிக்கின்றன.

மூன்றாவது, கட்சி. இந்த மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கம், நூலகம், கோயில் விழாக் குழு எதையும் கட்சிகள் விட்டுவைப்பதில்லை. பெற்றோர் கழகமும் விலக்கல்ல. ஒரு பெற்றோர் கேட்கும் கேள்வி, அவர் எந்த அணியைச் சேர்ந்தவர் என்பதை வைத்தே எடைபோடப்படுகிறது. குடிநீர்க் குழாய் பழுது என்று கூறினால் வார்டு உறுப்பினருக்கு எதிரான அரசியலாக அது பார்க்கப்படுகிறது.

நான்காவது, மொழியும் ஊரும். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளியும் அங்கே இயங்குகிறது. அண்மை ஆண்டுகளில் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் குழந்தைகளும் கேரளப் பள்ளிகளில் சேர்ந்துள்ளனர். மலையாளத்தில் மட்டும் எழுதப்படும் அறிவிப்பும், வேலை நாளின் நடுப்பகலில் நடக்கும் கூட்டமும் இத்தகைய பெற்றோரைச் சொல்லாமலே வெளியே நிறுத்திவிடும். விகிதத்துக்கேற்ற இடம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது காகிதத்தில் நிறைவேறினாலும் நாற்காலி காலியாகவே இருக்கும்.

இரு நிகழ்ச்சிகள், ஒரு பாடம்

நகரின் வழுதக்காடு பகுதியில் உள்ள காட்டன் ஹில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, ஆயிரக்கணக்கான மாணவியர் பயிலும் பெரிய பள்ளி. 2022 ஜூலையில், கீழ் வகுப்பு மாணவியர் சிலரை மேல் வகுப்பு மாணவியர் தாக்கினர் என்ற புகார் அங்கே எழுந்தது. பெற்றோர் திரண்டு வந்து முழக்கமிட்டனர். பள்ளிக்கு வந்த அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜுவைச் சூழ்ந்துகொண்டு முறையிட்டனர். கல்வித் துறை விசாரணை நடத்தியது. நடந்தது என்ன, எவ்வளவு என்பதில் தரப்புக்கொரு கருத்து இருந்தது. பெற்றோரின் அச்சம் மட்டும் உண்மையானது. அந்த அச்சத்தைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டிய இடம் பெற்றோர் கழகம். அங்கே சென்றால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்திருந்தால், அமைச்சரின் வருகைக்காகக் காத்திருந்து குரல் எழுப்ப வேண்டிய தேவை எழுந்திராது.

இரண்டாவது நிகழ்ச்சி 2025 அக்டோபரில் கொச்சியில் நடந்தது. பள்ளுருத்தியில் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் செயின்ட் ரீத்தா பப்ளிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தலையை மறைக்கும் ஹிஜாப் அணிந்து வந்ததைச் சீருடை விதியைக் காட்டி நிர்வாகம் தடுத்தது. பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை விடப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரசியல் கட்சிகளும் மத அமைப்புகளும் அணி பிரிந்து பேசின. பெற்றோர் - ஆசிரியர் கழகத்தின் தலைவரும் நிர்வாகத்தின் பக்கம் நின்று தொலைக்காட்சிகளில் பேசினார். கல்வி அமைச்சரே அவரை விமர்சிக்கும் நிலை ஏற்பட்டது. முடிவில் அந்த மாணவி பள்ளியை விட்டு விலகினார்.

சீருடை விதி பெரிதா, மத உரிமை பெரிதா என்பதை நீதிமன்றங்கள் ஆராயட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நிர்வாகத்துக்கு ஒரு தரப்பு உண்டு. குழந்தையின் தந்தைக்கு ஒரு தரப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்று, "வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்று அழைத்திருக்க வேண்டிய ஒரே அமைப்பு பெற்றோர் கழகம். அதன் தலைவர் ஒலிவாங்கியின் முன் நின்ற நிமிடமே நடுவர் இல்லாத ஆட்டமாக அது மாறிவிட்டது. அந்தத் தந்தையும் அக்கழகத்தில் ஒரு பெற்றோர்தான் என்பதை எல்லோரும் மறந்துபோயினர்.

முதல் நிகழ்ச்சியில் உள்ளே கதவு இல்லாததால் பெற்றோர் வெளியே நின்று கூவினர். இரண்டாவதில், கதவைக் காக்க வேண்டியவரே ஒரு பக்கம் சாய்ந்தார். இரண்டிலும் குறைபாடு ஒன்றே: புகாரைக் கேட்பதற்கென்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட முறையோ, பக்கம் சேராத ஆட்களோ இல்லை.

பிற இடங்களில்

தமிழகத்தில் 1950-களின் இறுதியில் காமராஜர் ஆட்சியின்போது கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊர் மக்களைப் பள்ளியின் புரவலர்களாக்கின. கொடுத்தவர் பெயரும் பொருளும் மாநாட்டு மேடையிலேயே ஊரறியச் சொல்லப்பட்டதால் கணக்கில் சண்டைக்கு இடம் குறைவாக இருந்தது. 2022-இல் தமிழக அரசு பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோர் என்றும், தலைவர் பதவி தாய் ஒருவருக்கே என்றும் வகுத்தது. 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பெண்கள் தலைமைக்கு வந்தது பெரிய மாற்றம். ஆயினும் தலைவியின் பெயரில் கணவர் பேசும் பழைய வழக்கம் ஊராட்சிகளைப் போலவே இங்கும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபரே தலைவர். பெற்றோருக்குள் சச்சரவு எழுந்தால் அதிபரின் சொல்லோடு அது அடங்கும் என்பது அதன் வசதி. அதிபர் மீதே குறை என்றால் சங்கத்துக்குள் வாய் திறக்க முடியாது என்பது அதன் குறை. இங்கிலாந்திலோ, 2002-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு நிதியில் இயங்கும் பள்ளி ஒவ்வொன்றும் புகார்களைக் கையாளும் முறையை எழுதி வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அங்கும் பெற்றோர் சண்டையிடாமல் இல்லை. ஆனால், சண்டையிட்டவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது காகிதத்தில் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, புகார் வருவதற்கு முன்பே முறை வகுக்கப்பட வேண்டும். ஆண்டின் முதல் பொதுக்குழுவில், யாரும் யார் மீதும் கோபம் கொள்ளாதிருக்கும் நேரத்தில், மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகப் பொறுப்பு எதிலும் இல்லாத பெற்றோர் இருவர். அவர்களில் ஒருவர் பெண். மற்றவர் ஆசிரியர். புகார் எழுத்தில் வர வேண்டும். இரு தரப்பையும் தனித்தனியாகவும் பின் சேர்த்தும் கேட்க வேண்டும். இத்தனை நாளில் முடிவு என்று வரம்பு இருக்க வேண்டும். முடிவில் உடன்பாடில்லாதவர் கல்வித் துறை அதிகாரியிடம் செல்லலாம் என்பதும் எழுதப்பட வேண்டும். நாள் வரம்பு இல்லாத விசாரணை, சமாதானம் செய்வதாகச் சொல்லிச் சலிப்படையச் செய்யும் வழியாக முடியும்.

இரண்டாவதாக, பணத்தைப் பற்றிய பேச்சைப் பணக் கணக்கே முடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வரவும் செலவும் உரக்கப் படிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பள்ளிக்குப் பொருள் விற்கும் பெற்றோரோ, அவருடைய உறவினரோ அந்தக் கொள்முதலைத் தீர்மானிக்கும்போது அவையை விட்டு எழுந்து செல்ல வேண்டும். நகராட்சி மன்றத்தில் எதிர்பார்க்கும் இந்த ஒழுங்கைப் பள்ளி வளாகத்தில் எதிர்பார்ப்பதில் தவறில்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, எல்லோர் பணமும் எங்கே போயிற்று என்பதே படிக்கப்பட வேண்டியது.

மூன்றாவதாக, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டுக்கு, அதாவது மினிட் புத்தகத்துக்கு, உரிய மதிப்பைத் தர வேண்டும். தீர்மானத்தை மட்டும் எழுதிவிட்டு மாற்றுக் கருத்தை விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தம் எதிர்ப்பு எழுத்தில் பதிவாகியது என்று தெரிந்தால் பாதிப் பேர் அத்துடன் அமைதி அடைவார்கள். பதிவாகாத எதிர்ப்புதான் பேருந்து நிறுத்தத்திலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் போய்ப் பேசுகிறது. வகுப்பு வாட்ஸ்ஆப் குழு அறிவிப்புக்கு மட்டும், தனி மனிதர் மீதான குறை அங்கே பேசப்படக் கூடாது என்ற ஒரே ஒரு விதி பல பிணக்குகளை முளையிலேயே தடுக்கும். தமிழ், வங்கம், இந்தி பேசும் பெற்றோர் கணிசமாக உள்ள பள்ளிகளில் தீர்மானங்களின் சுருக்கம் அவர்கள் மொழியிலும் தரப்பட வேண்டும்.

நான்காவதாக, தலைமை ஆசிரியரின் நிலை. அவரே கூட்டுநர், அவரே பணத்துக்குப் பொறுப்பாளர், அவரே சமாதானம் செய்பவர் என்றால் எந்த ஒன்றையும் ஒழுங்காகச் செய்ய இயலாது. பிணக்கில் அவர் பக்கம் சேரக் கூடாது. பக்கம் சேரச் சொல்லி அவரை நெருக்கவும் கூடாது. நிர்வாகியோடு ஒத்துப்போகாததற்காக இடமாற்றத்தை அஞ்சி வாழும் தலைமை ஆசிரியரால் நடுநிலை காக்க முடியாது என்பதைக் கல்வித் துறை உணர வேண்டும்.

ஐந்தாவதும் முதன்மையானதும், குழந்தையைப் பிணக்குக்கு வெளியே நிறுத்துவது. தாயோ தந்தையோ கூட்டத்தில் கேள்வி கேட்டதற்காக மறுநாள் வகுப்பில் அவர்களுடைய பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லப்பட்டால், அந்தப் பெற்றோர் மறுபடி வாய் திறக்கமாட்டார்கள். கேள்வி கேட்கும் பெற்றோரில் பெரும்பாலோர் அஞ்சுவது தலைவரையோ ஆசிரியரையோ அல்ல. தம் பிள்ளைக்கு என்ன நேருமோ என்பதைத்தான். அப்படி ஒரு சொல் சொல்லப்பட்டால் அது 32-ஆவது பிரிவின் கீழ் வரத்தக்க குறை என்பதைப் பெற்றோருக்குப் பள்ளியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரமே செய்யலாம்

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. சட்டத்தைச் செயல்படுத்த விதிகள் இயற்றும் அதிகாரத்தை 38-ஆவது பிரிவு உரிய அரசுகளுக்கே அளித்திருக்கிறது. கேரளம் 2011-இல் தன் விதிகளை வகுத்தது. மேலாண்மைக் குழுவுக்கும் பெற்றோர் கழகத்துக்கும் இடையே வேலைப் பங்கீட்டைத் தெளிவாக்கி, உள்பிணக்குகளைக் கேட்கும் முறையைச் சேர்த்து ஒரு திருத்தம் கொண்டுவரத் தலைமைச் செயலகத்தால் முடியும். சிறந்த கழகத்துக்கு விருது தரும்போது கட்டிய கட்டடத்தையும் திரட்டிய நிதியையும் பார்ப்பதோடு, வந்த புகார்கள் எத்தனை, எத்தனை நாளில் எப்படித் தீர்ந்தன என்பதையும் பார்க்கலாம். புகாரே வராத கழகம் சிறந்த கழகம் என்று எண்ணிவிடக் கூடாது. புகார் சொல்லத் துணிவு இல்லாத இடத்திலும் ஏடு வெறுமையாகத்தான் இருக்கும்.

கட்சிகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பெற்றோர் கழகத் தேர்தலில் வெற்றி பெற்றதைக் கொடியோடு கொண்டாடும் வழக்கத்தை இரு அணிகளும் கைவிட வேண்டும். உள்ளூரில் அணி திரட்டும் களமாகப் பள்ளி தேவைப்படும் அளவுக்கு அவற்றுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

தன்னார்வலர்களுக்குள் நடக்கும் சண்டையில் முதலில் விலகிப்போவது யார் என்பதைக் கவனித்தால் இதன் அவசரம் புரியும். கட்சிப் பின்னணி உள்ளவர் விலகுவதில்லை. வசதி படைத்தவர் விலகுவதில்லை. பிடிக்காவிட்டால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வார். அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்த தாயும், மொழி தெரியாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தந்தையும்தான் முதலில் எழுந்து போகிறவர்கள். நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கு என்று நாடாளுமன்றம் எழுதியபோது மனத்தில் கொண்டிருந்தது அவர்களைத்தான். அவர்கள் திரும்பி வந்து அமர வேண்டுமானால், அங்கே கேட்கப்படும் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தருவதற்கு ஒரு மினிட் புத்தகமும், ஒரு கணக்குத் தாளும், பக்கம் சேராத மூன்று பேரும் போதும்.